கால்மாட்டில் நிற்பவள்

குக்கீ தட்டுகள் அடித்தளத்து ஃப்ரீசரை நிரப்பிவிட்டு, சலவை மெஷின் மேல் ஏறி, இப்போது படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டன. மூன்று அத்தைமார் ஒருத்திக்கொருத்தி போட்டி போட்டுக்கொண்டு சுட்டால் இப்படித்தான்.

எமில் ஹுடாக் கைக்கு ஒன்றாக இரண்டு தட்டைத் தூக்கிக்கொண்டு அடித்தளத்திலிருந்து ஏறி வந்தார். பாதிப் படியில் நின்றார்.

"என்னப்பா, நின்னுட்டே?"

"படிக்கு வயசாயிருச்சு. முன்ன மாதிரி ஏற விட மாட்டேங்குது."

மகள் ட்ரீனா சிரித்தாள். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. சமையலறை மேஜையில் அவள் பரப்பி வைத்திருந்த படிப்பு அட்டைகளில்தான் கண் இருந்தது. ஒரு பக்கம் நோயாளியின் நிலைமை, மறுபக்கம் செய்ய வேண்டியது.

எமில் தட்டுகளை வைத்துவிட்டு நாற்காலியில் இடது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சனிக்கிழமை விருந்துக்கு என்ன சட்டை போடப்போறே? அந்தப் பச்சை வேணாம். அதுல நீ ஆஸ்பத்திரித் திரை மாதிரி இருக்கே."

"பார்க்கலாம்பா."

"என்னத்தைப் பார்க்கிறது? தீயணைப்பு நிலைய ஹாலைச் சொல்லியாச்சு. பைரோகிக் கொழுக்கட்டைக்குச் சொல்லியாச்சு. ஆலையில கரி அடுப்பு மேல என்கூட நின்னவன்ல உசுரோட இருக்கிறவன் எல்லாம் வர்றான். என் மக இனிமே மருந்து எழுதுவாடான்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"ஏம்பா இவ்வளவு அவசரம்?"

"பரீட்சை நல்லாப் போச்சுன்னு நீதானே சொன்னே? அப்புறம் என்ன அவசரம்?"

ட்ரீனா அட்டைகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டாள்.

பரீட்சை நல்லாப் போகவில்லை. அது இப்போது உங்களுக்குத் தெரியும். தங்கை ஜோலினுக்கும் தெரியும். எமிலுக்கு மட்டும்தான் தெரியாது என்று ட்ரீனா நினைத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் முறிந்து அப்பா வீட்டுக்குத் திரும்பிய வருஷம்தான் அவள் இந்த மேற்படிப்பில் சேர்ந்தாள். ஐ.சி.யூ.வில் பதினைந்து வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவள். சாகக் கிடக்கிற பெரியவர்களுக்கு, டாக்டர் சொல்லி நர்ஸ் செய்வது என்று இல்லாமல், தானே நோயைக் கண்டுபிடித்து, தானே மருந்து எழுதி, தானே குழாய் போடும் நர்ஸ் பிராக்டிஷனர் ஆவதற்கான படிப்பு. பகலில் வகுப்பு, வார இறுதியில் வேலை, நடுவில் ஆஸ்பத்திரிப் பயிற்சி. மற்ற எல்லாவற்றிலும் முதல் வரிசையில் நின்றாள்.

கடைசியாக ஒரு செய்முறைத் தேர்வு. கட்டிலில் ஒரு பொம்மை. சாதாரணப் பொம்மை இல்லை. மூச்சு விடும், நாடி துடிக்கும், பக்கத்து அறையில் ஒருவர் விசையைத் தட்டினால் சாகவும் செய்யும். போன மாதம் அந்தப் பொம்மையின் பிரஷர் விழுந்தபோது ட்ரீனாவின் கைகள் ஓடின. டிரிப்ஸை வேகப்படுத்தின, தலையணையைச் சரிசெய்தன, ஆக்சிஜனைத் திருப்பின. எல்லாம் சுத்தமான வேலை. பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, சுவரிலிருந்த போனை எடுத்து அவள் சொன்னாள்: "சீக்கிரம் டாக்டரை வரச் சொல்லுங்க."

அந்தத் தேர்வில் டாக்டர் இடத்தில் நிற்க வேண்டியவளே அவள்தான்.

இன்று மதியம் மறுதேர்வு. இதிலும் தவறினால் கல்லூரியை விட்டு வெளியே. அதுதான் விதி. சனிக்கிழமை ஹாலில் அத்தைமாரின் குக்கீகள் மட்டும்தான் பாஸாகி நிற்கும்.

"வர்றேன்பா."

"எங்க?"

"காலேஜ்ல ஒரு சின்ன வேலை."

எமில் டி.வி.யைப் போட்டார். "போ. வரும்போது வெங்காயம் வாங்கிட்டு வா."

---

கல்லூரியின் மூன்றாவது மாடியில், தேர்வு அறைக்கு வெளியே பேராசிரியை ஹாலரன் காத்திருந்தார். ஒல்லியான உடம்பு, நரைத்த கிராப். அவரும் ஒரு காலத்தில் ஐ.சி.யூ. நர்ஸாக இருந்தவர்தான். அதனால் இரக்கம் அதிகம் என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம்.

"ட்ரீனா, ஒரு விஷயம். நர்ஸ் வேஷத்துக்கு வர வேண்டியவங்களுக்குக் காய்ச்சல். வேற ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒருத்தரைக் கூப்பிட்டோம். வந்திருக்காங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து வந்தவள் ஜோலின்.

நீல உடுப்பு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், வாயில் சூயிங்கம். அக்காவைப் பார்த்தாள். சூயிங்கம் நின்றது.

இரண்டு பேரும் பேசி மூன்று வாரம் ஆகிறது. ஒரே ஐ.சி.யூ.வில் வேலை பார்த்துக்கொண்டு, மூன்று வாரமாக நோயாளியைப் பற்றி மட்டும் பேசுவது லேசான காரியம் இல்லை. நர்ஸுகளின் ஓய்வறையில் எல்லார் முன்னாலும் ஜோலின் சொன்னது அப்படி. "அக்கா இனிமே வெள்ளைத் தொப்பிடி. மலச்சட்டி தூக்கறதெல்லாம் நம்ம வேலை."

இந்த ஊரில் அதைவிடப் பெரிய வசவு இல்லை. எமில் வேலை பார்த்த இரும்பு ஆலையில் வெள்ளைத் தொப்பி மேஸ்திரிக்கு. நேற்று வரைக்கும் பக்கத்தில் நின்று கரி அள்ளியவன் இன்று வெள்ளைத் தொப்பி போட்டால், மத்தியானச் சாப்பாட்டை அவன் தனியாகத்தான் சாப்பிடுவான்.

"மேடம்" என்றாள் ட்ரீனா. "இவ என் தங்கச்சி."

ஹாலரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "குடும்பப் பேரு வேறயா இருக்கே."

"கல்யாணத்துல மாறினது. அதைத் திருப்பி மாத்த நேரம் கிடைக்கல."

ஜோலின் சட்டென்று சொன்னாள்: "எனக்குத் தெரியாது மேடம். ஆள் வரலேன்னா பரீட்சையே தள்ளிப்போகும்னாங்க. யாரோ ஒரு பாவம்னு வந்தேன். இந்தப் பாவம்னு தெரியாது."

ஹாலரன் யோசித்தார். "மார்க் போடறது நானும் அடுத்த அறையில இருக்கிற ரெண்டு பேரும்தான். நர்ஸுக்கு அதுல பங்கில்ல. எழுதிக் கொடுத்ததைத்தான் அவங்க பேசணும். ஆனா உங்களுக்கு ஆட்சேபணைன்னா சொல்லலாம். அடுத்த பருவத்துக்குத் தள்ளி வெப்போம்."

அடுத்த பருவம் என்றால் இலையுதிர் காலம். சனிக்கிழமைக்கோ ஹால், பைரோகி, உயிரோடு இருக்கிற அத்தனை கரி ஆட்கள்.

அதைவிட, இவள் முன்னால் பயந்து ஓடிவிட்டாள் என்று ஜோலின் நினைப்பாளே.

"நாளைக்கு ஐ.சி.யூ.ல என் ஷிஃப்ட்டுல இவ இருந்தா நான் நோயாளியை விட்டுட்டுப் போக முடியுமா மேடம்? ஆரம்பிக்கலாம்."

உள்ளே போகும்போது ஜோலின் தலையைத் திருப்பாமல் முணுமுணுத்தாள்: "என்கிட்ட கொடுத்திருக்கிற வசனமெல்லாம் உன்னைக் குழப்பறதுக்குன்னே எழுதினது. சொல்லிட்டேன்னு வெளிய சொல்லிடாதே."

"பேசாத. காப்பி அடிச்சதா ஆயிடும்."

---

கட்டிலில் பொம்மை படுத்திருந்தது. வாயில் குழாய், பக்கத்தில் வென்டிலேட்டர். குடல் அறுவை சிகிச்சை முடிந்த அறுபது வயதுக்காரர் என்று கதை. காலையில் கழுத்தின் வலது பக்கம் பெரிய ரத்தக்குழாயில் ஊசிக் குழாய் போட்டிருக்கிறார்கள்.

ஜோலின் வசனத்தை ஆரம்பித்தாள். "பிரஷர் இறங்கிட்டே வருது. நாடி ஏறுது. அஞ்சு நிமிஷத்துக்கு முன்ன வரைக்கும் நல்லா இருந்தார்."

அந்த நேரத்தில் மருந்து பம்ப் கத்த ஆரம்பித்தது.

நர்ஸாக இருந்தவர்களைக் கேளுங்கள். குழந்தை அழுதால் தாய்க்கு மார் சுரப்பது மாதிரி, பம்ப் கத்தினால் நர்ஸுக்குக் கை நீளும். ட்ரீனாவின் வலது கை எழுந்துவிட்டது. பம்ப் எட்டடி தூரத்தில் இருந்தது. ஒரு பொத்தான்தான். ஒரு நொடி வேலை.

கட்டிலின் கால்மாட்டில் ஒரு கம்பி உண்டு. எழுந்த கையை அவள் அந்தக் கம்பியில் கொண்டுவந்து வைத்தாள். பிறகு இன்னொரு கையையும். விரல் வெளுக்கிற அளவுக்குப் பிடித்துக்கொண்டாள்.

"ஜோலின், பம்ப்பை நீ பாரு. என்ன சொல்லுதுன்னு எனக்குச் சொல்லு."

"டியூப் மடங்கியிருக்கு. எடுத்துட்டேன். ஓடுது." ஜோலின் நிமிர்ந்தாள். "பிரஷர் இன்னும் இறங்குது."

அப்படியானால் பம்ப் காரணமில்லை. பம்ப் தூண்டில்.

"ஆக்சிஜனை முழுசாத் திருப்பு. வென்டிலேட்டர் என்ன காட்டுது?"

"உள்ள தள்றதுக்கு ரொம்ப முக்குது. அழுத்தம் மேல போகுது." பிறகு எழுதிக் கொடுத்த வசனம்: "ரத்தம் கசியுதோ என்னவோ. ரெண்டு பாட்டில் திரவம் வேகமா ஏத்தட்டுமா?"

நல்ல யோசனை மாதிரிதான் இருந்தது. பத்தில் எட்டுப் பேர் சரி என்று சொல்லியிருப்பார்கள். ட்ரீனா கம்பியை விடாமல் பார்த்தாள்.

பதினைந்து வருஷமாக அவள் நோயாளியைப் பக்கவாட்டில் நின்றுதான் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் நின்றால் கை தெரியும், முகம் தெரியும், ஊசி போட்ட இடம் தெரியும். கால்மாட்டில் நின்றால்தான் உடம்பு முழுசாக, இரண்டு பக்கமும் ஒன்றாகத் தெரிகிறது.

இடது மார்பு ஏறி இறங்கியது.

வலது மார்பு ஏறவில்லை.

அவள் கம்பியை விட்டாள். நாலே எட்டில் தலைமாட்டுக்குப் போய் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். இடது பக்கம் காற்றுச் சத்தம். வலது பக்கம் ஒன்றுமில்லை. தொண்டைக்குழியைத் தொட்டாள். மூச்சுக்குழாய் இடது பக்கம் ஒதுங்கியிருந்தது.

"திரவம் வேணாம். வலது நுரையீரல் ஓட்டையாகி வெளிய காத்து கட்டிருச்சு. அது இதயத்தையே நசுக்குது. காலையில கழுத்துல போட்ட ஊசி குத்தியிருக்கும். எனக்குப் பெரிய ஊசி எடு."

ஜோலின் அசையவில்லை. அவளுக்கு இன்னும் ஒரு வசனம் பாக்கி இருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு மனசில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சொன்னாள்.

"எக்ஸ்ரே ஆள் வந்துட்டே இருக்கார். எடுத்துப் பார்த்துட்டுச் செய்யலாமே. டாக்டரைக் கூப்பிடவா?"

கண்ணாடிக்குப் பின்னால் அடுத்த அறையில் மார்க் போடும் பேனாக்கள் எழுதாமல் நின்றிருக்கும்.

"எக்ஸ்ரே வர்றதுக்குள்ள இவர் போயிருவார். கூப்பிட வேண்டிய ஆள் நான்தான். ஊசியை எடு ஜோலின்!"

ஜோலின் எடுத்தாள். கொடுத்த வேகத்தைப் பார்த்தால், அது எழுதிக் கொடுத்த வேகம் இல்லை.

ட்ரீனா விலா எலும்பைத் தடவி இடம் பார்த்தாள். மேல் விளிம்பை ஒட்டி இறக்கினாள். சைக்கிள் டியூபில் ஆணி ஏறினால் வருமே, அந்தச் சத்தம். உஸ்ஸ்ஸ்.

மானிட்டரில் எண்கள் ஒரு நிமிஷம் தயங்கின. பிறகு ஏறின. ஏறிக்கொண்டே இருந்தன. வலது மார்பு, சோம்பேறித்தனமாக, இடதோடு சேர்ந்து எழுந்தது.

"ஊசி சும்மா கொஞ்ச நேரத்துக்குத்தான்" என்றாள் ட்ரீனா. "நெஞ்சுக் குழாய்க்குச் சாமான் எடு. நான் போடறேன். சர்ஜனுக்குத் தகவல் சொல்லு. எக்ஸ்ரேக்காரரை இப்ப வரச் சொல்லு."

"சரி" என்றாள் ஜோலின். பிறகு, வசனத்தில் இல்லாத ஒரு வார்த்தை: "சரிக்கா."

---

ஹாலரன் கையில் பேனாவைச் சுழற்றிக்கொண்டே கேட்டார்.

"இன்னைக்குக் கையை எங்க வெச்சிருந்தீங்க?"

"கம்பியில."

"போன தடவை?"

"எல்லா இடத்துலயும்."

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. அதைச் சிரிப்பு என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். "மூணு பேருக்கும் ஒரே முடிவு. பாஸ்."

ட்ரீனா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு குறை இருக்கு, கேட்டுக்கோங்க. நெஞ்சுல ஊசி குத்தினீங்க. அந்த ஆள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. மயக்கத்துல இருந்தாலும் காது கேக்கும். நர்ஸா இருந்தப்போ, 'ஐயா, ஊசி போடறேன், கொஞ்சம் வலிக்கும்'னு சொல்லித்தானே தொடுவீங்க? கால்மாட்டுக்குப் போனதும் அது மறந்துபோச்சு. முன்னேறிட்டோம்னு அதை விட்டுடாதீங்க."

பாஸ் என்று கேட்டபோது வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது.

வண்டி நிறுத்துமிடத்தில் ஜோலின் காத்திருந்தாள். ட்ரீனா வந்ததும் முகத்தைப் பார்த்தாள். தெரிந்துவிட்டது. ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டு, பார்க்கிங் காவலாளி திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கூச்சல் போட்டாள்.

"'கூப்பிட வேண்டிய ஆள் நான்தான்'னு சொன்னே பாரு, எனக்குப் புல்லரிச்சுப் போச்சு! ஊசியைக் கீழ போட்டிருப்பேன்!"

"போட்டிருந்தா கொன்னிருப்பேன்."

"உன் கூட மூணு வாரம் பேசாம இருந்ததுல எனக்குத்தான் நஷ்டம். ஷிஃப்ட்டுல யாரைப் பத்தியும் புறம் பேச ஆளில்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ படிக்கப் போனதுல எனக்குப் பொறாமை இல்லக்கா. நீ படிச்ச நேரமெல்லாம் அப்பாவை நான்தான் பார்த்தேன். ஒரு தடவைகூட நீ அதைச் சொல்லல."

அது நிஜம்.

"இப்ப சொல்றேன். சனிக்கிழமை ஹால்ல எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"மைக் பிடிச்சுச் சொல்லணும்."

"மைக் பிடிச்சு."

"அப்ப சரி. சாவியைக் கொடு, வெள்ளைத் தொப்பி. வண்டியை நான் ஓட்டறேன்."

---

வெங்காயம் வாங்க மறந்துவிட்டார்கள். அதைத்தான் எமில் முதலில் கேட்டார். சாய்வு நாற்காலியில் காலை நீட்டிப் படுத்து பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக அவர் முழங்கால் வரைக்கும் வந்திருந்தது.

ட்ரீனா நாற்காலியின் எதிரில், அவர் கால்மாட்டில் போய் நின்றாள்.

"அப்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். போன மாசம் நான் பாஸாகல. உன்கிட்ட பொய் சொன்னேன். இன்னைக்கு மறுபடியும் பரீட்சைக்குப் போனேன். இன்னைக்குப் பாஸ்."

எமில் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஃபெயிலானது தெரியும். பாஸானவ எதுக்குடி தினம் காலங்காத்தால அட்டையைப் புரட்டிக்கிட்டு உக்காருவா? நான் அடுப்பு மேல வேலை பார்த்தவன். அடுப்புக்குள்ள விழுந்தவன் இல்ல."

ஜோலின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தெரிஞ்சுமா ஹாலைச் சொன்னே?" ட்ரீனாவுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "நான் மறுபடியும் ஃபெயிலாயிருந்தா?"

"நீ உங்கம்மா மாதிரி. ஊர் முன்னாடி அவமானம்னாதான் உனக்கு வேலை ஓடும். ஹாலைச் சொல்லாம விட்டிருந்தா, 'எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்'னு பழைய வேலைக்கே போயிருப்பே." அவர் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். கரி ஏறிய அந்தக் கை எப்போதும் போல் சொரசொரவென்று இருந்தது. "எல்லாருகிட்டயும் நீ பாஸுன்னு முன்னாடியே சொல்லிட்டேன்டி. நீ லேட்டு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். வாய்விட்டு, முழு உடம்பும் குலுங்க. ஜோலினும் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. அதுவும் வழக்கம்தான், கரியைச் சுட்டெடுக்கும் கோக் அடுப்பில் வேலை பார்த்தவர் எவருக்கும் சிரிப்பு தனியாக வந்ததில்லை.

இருமல் அடங்கி, எமில் மூச்சு வாங்கிக்கொண்டு இடது பக்கமாகச் சாய்ந்தார்.

ட்ரீனா கையை விட்டாள். ஒரு அடி பின்னால் போய் நின்றாள்.

"என்னக்கா?" என்றாள் ஜோலின்.

"ஏம்பா எப்பவும் அந்தப் பக்கமே சாயறே?"

"டி.வி. அந்தப் பக்கம் இருக்கு."

"டி.வி. நேரா இருக்குப்பா" என்றாள் ஜோலின்.

அப்பாவின் பனியன் மேல் வெயில் விழுந்திருந்தது. அவர் மூச்சை இழுத்தார். வலது மார்பு ஏறியது.

இடது மார்பு பின்தங்கி, பாதி ஏறி, நின்றுவிட்டது.

காலையில் பாதிப் படியில் நின்றது ஞாபகம் வந்தது. தான் திரும்பிப் பார்க்காததும்.

அவள் கை தானாக அப்பாவின் தோளுக்கு ஓடப் பார்த்தது. ஓட விடவில்லை. இன்னும் இரண்டு மூச்சு நின்று பார்த்தாள். தவறாகப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. அவர் பேசுகிறார், உதடு சிவப்பாகத்தான் இருக்கிறது, இந்த நிமிஷம் ஆபத்து இல்லை. ஆனால் இது இன்று வந்ததும் இல்லை.

ஜோலினும் இப்போது பார்த்துவிட்டாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"என்ன செய்யணும்னு சொல்லுக்கா" என்றாள் மெதுவாக.

"டி.வி.யை அணை. உன் ஸ்டெதஸ்கோப்பைக் கொடு. அப்புறம் வண்டியைத் திருப்பி நிறுத்து."

"வண்டி எதுக்கு?" என்றார் எமில். "நான் எங்கயும் வரல. மேட்ச் முடியல."

ட்ரீனா அவர் பக்கத்தில் வந்து மண்டியிட்டாள். ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கினாள்.

"அப்பா, உன் முதுகுல இதை வைக்கப்போறேன். கொஞ்சம் சில்லுன்னு இருக்கும். மூச்சை நல்லா இழு."

எமில் மகளைப் பார்த்தார். பிறகு முன்னால் குனிந்து, பனியனைத் தானே தூக்கிக் கொடுத்தார்.